ஒரு ரோல் கழுவ ஆன செலவு

"ஒரு ரோல் கழுவ இவ்வளவா அண்ணாச்சி? கொள்ளையடிக்கானுவ!" என்று நம் சங்கத்து இளைய போட்டோகிராபர்கள் போன கூட்டத்தில் என்னைச் சுற்றி நின்று சண்டைக்கு வந்தார்கள். விலையை நான்தான் வீட்டில் உட்கார்ந்து ஏற்றிவிட்டதுபோல. பிலிம் கேமரா மறுபடியும் பேஷனாகிவிட்டது. வாங்கிவிட்டார்கள், எடுத்தும்விட்டார்கள். கழுவத்தான் ஆளில்லை. "நீங்க அந்தக் காலத்து ஆளு, சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்றார் செயலாளர். எனக்கு வயது ஐம்பத்தாறு. அந்தக் காலத்து ஆள் என்றதும் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக பிரஷர் பார்த்தேன்.

என் பெயர் ஜெயசிங். நாகர்கோவில் கோட்டாற்றில் ஒரு கலர் லேபில் முப்பத்தோரு வருஷம் பிலிம் கழுவினேன். பிலிம் மெஷினும் நானும் ஒரே மாதத்தில் ரிட்டயர்டு ஆனோம். அதை எடைக்குப் போட்டார்கள். என்னை எடை போடவில்லை.

கேட்ட கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பிலிம் மெஷின் தினமும் தீனி கேட்கிற ஜந்து. நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது ரோல் உள்ளே போனால்தான் அதன் வயிற்றில் கிடக்கிற கெமிக்கல் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு ரோலுக்கும் கொஞ்சம் புதுக் கெமிக்கல் ஊறி, பழையது வழிந்து போகும். அப்போது ஒரு ரோலின் பங்குக்கு வருகிற செலவு இரண்டு சாயாக் காசு. இரண்டு ரோல்தான் வருகிறது என்றால் கெமிக்கல் சும்மா நின்றே செத்துப்போகும். மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அந்தச் செலவு முழுவதும் அந்த இரண்டு ரோலின் தலையில் ஏறும். கொள்ளை ஒன்றும் இல்லை தம்பிகளே. முன்பு உங்களோடு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். இப்போது நீங்கள் தனியாக நிற்கிறீர்கள்.

இத்தோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் ஒரு ரோல் கழுவ எவ்வளவு ஆகும் என்று இந்த வருஷம்தான் நானே சொந்தச் செலவில் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் ராத்திரி தூக்கம் வராது. சொன்னாலும் வருமா என்பது வேறு விஷயம்.

வேலை கற்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. முதல் வருஷம் தரை துடைத்தேன், இரண்டாம் வருஷம் டப்பா கழுவினேன், மூன்றாம் வருஷம் பிலிம் கழுவினேன். மூன்றிலும் பயந்தேன்.

முதலாளி தங்கையா சார் சத்தம் போடாத மனிதர். அதுதான் கஷ்டம். சத்தம் போடுகிற முதலாளி என்றால் பயம் அந்த நேரத்தோடு போய்விடும். இவர் "வாரும், இரும்" என்பார், அவ்வளவுதான், அதற்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காலையில் மெஷினைப் போடும் முன் டெவலப்பர் தொட்டியில் தெர்மாமீட்டரை வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "முப்பத்தேழே முக்கால்… முப்பத்தெட்டுக்கு ஒரு நூல் குறைவு… சரி" என்று ஜெபம் மாதிரி வாய்விட்டு வாசிப்பார். அந்த "சரி" வராமல் ஒரு ரோலும் உள்ளே போகாது. எங்கள் கையால் ஒரு ரோல் கெட்டுவிட்டால், கெட்ட நெகட்டிவைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அவரே பஸ் ஏறுவார். அந்த வீட்டு வாசலில் நின்று காட்டி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். போன் பண்ணிச் சொன்னால் போதாதா சார் என்று ஒருமுறை கேட்டேன். "போன்ல மொகம் தெரியாதே ஓய்" என்றார்.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. துக்க வீட்டு ரோல் வந்தால் உருளையின் கழுத்தில் கறுப்பு நூல் கட்டிவிடுவோம். வரிசையில் யார் நின்றாலும் கறுப்பு நூல்தான் முதலில் போகும். நம் பக்கத்தில் அடக்கத்துக்கு முன் பெட்டியைச் சுற்றி நின்று குடும்பத்தோடு படம் எடுப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்துக்குக் காத்திருப்பவர் பெரும்பாலும் கல்ஃபில் லீவு கிடைக்காமல் நிற்கிற மகன். அவருக்காகத் தலைமாட்டில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு எடுப்பார்கள். பிறகு ஸ்டுடியோவில் அவருடைய படத்தை அந்த இடத்தில் வெட்டி ஒட்டிக் கொடுப்பார்கள். வரமுடியாத மகனும் அம்மாவின் தலைமாட்டில் நின்றதாக ஆகிவிடும்.

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். கிறிஸ்துமஸ் வாரம், ரோல்கள் மீன்கூடை மாதிரி குவிந்து கிடந்தன. குளச்சலிலிருந்து அந்தோணி என்கிற வள்ளக்காரர் அவருடைய அம்மாவின் அடக்க ரோலைக் கொண்டுவந்து தந்தார். கறுப்பு நூல் கட்டினேன். பிலிமின் நுனி கிழிந்து உருளைக்குள் போயிருந்தது. அப்படிப்பட்ட ரோலைக் கறுப்புப் பைக்குள் வைத்து, கையை மட்டும் உள்ளே விட்டு, தடவித்தான் திறக்க வேண்டும். கையை விட்டிருக்கிறேன், கரண்டு போய்விட்டது. மெஷினுக்குள் பதினோரு கல்யாண ரோல் ஓடிக்கொண்டிருந்தது. டெவலப்பரில் நின்றுவிட்டால் பதினோரு மாப்பிள்ளைகளும் கருகிவிடுவார்கள். கையை உருவிக்கொண்டு ஓடினேன். கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றிப் பதினொன்றையும் கரையேற்றினேன். திரும்பி வந்து பைக்குள் கையை விட்டால் ரோல் இல்லை.

மேசை, குப்பைத்தொட்டி, சட்டைப்பை, மெஷினுக்கு அடி என்று பதினோரு தடவை தேடினேன். பையை மட்டும் உதறிப் பார்க்கவில்லை. கையை விட்டுத் துழாவியாயிற்றே, பிறகு எதற்கு உதறுவது? பதற்றக்காரனின் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

மறுநாள் மத்தியானம் அந்தோணி வந்து நின்றார். "படம் ஆச்சா சாரே? கல்ஃப்ல இருக்க தம்பிக்கி அனுப்பணும். போன்ல கெடந்து அழுதான்."

காணவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "லைட் அடிச்சிப் போச்சு அண்ணாச்சி. முழு ரோலும்." வெளிச்சம் பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

உள்ளே இருந்து தங்கையா சார் எழுந்து வந்தார். "நெகட்டிவ நாளைக்கி நானே வீட்டுக்குக் கொண்டு வாறேன்" என்று அவரை அனுப்பிவிட்டு, என்னிடம் கை நீட்டினார். "கொண்டாரும்."

"காஞ்சிட்டு இருக்கு சார்" என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் நான் செய்ததை பிலிம் கழுவுகிறவன் தவிர வேறு எவனும் செய்ய முடியாது. என் காசில் ஒரு புது ரோல் வாங்கி, கடைக்குப் பின்னால் போய், வெயிலில் முழுவதையும் வெளியே இழுத்துக் காட்டி, மறுபடியும் சுருட்டிக் கழுவினேன். அட்டக்கரி மாதிரி ஒரு நெகட்டிவ் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து நுனியிலிருந்து நுனிவரை பார்த்தார்.

"முப்பத்தாறுமா?"

"முப்பத்தாறு படமும் சார்."

லைட் அடித்த ரோலில் வெளிச் சுற்றுதான் கெடும், உள்சுற்றில் நாலைந்து படமாவது பிழைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? கவரில் போட்டுக்கொண்டு மறுநாள் குளச்சல் பஸ் ஏறினார். என் பொய்க்கு அவர் போய் ஒரு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து முகம் கழுவிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "இனி கறுப்பு நூல் ரோல நான் போட்டுக்கிடுதேன்."

கடைசிவரை அவர்தான் போட்டார். அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. தெரிந்துதான் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் அடக்கத்தன்றுகூட, பெட்டிக்குள்ளிருந்து "முப்பத்தாறுமா?" என்று கேட்டுவிடுவாரோ என்று கால்மாட்டில்தான் நின்றேன்.

சில வருஷம் கழித்து அந்தோணி பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். "தம்பி சௌக்கியமா அண்ணாச்சி?" என்று வாயைக் கொடுத்தேன்.

"அந்தப் படம் போனதில எனக்க தம்பியும் போனான் ஓய்" என்றார். "அவனுக்கு விட்ட எடத்தில எனக்க வீட்டுக்காரிக்க தம்பி நின்னதா எவனோ போன்ல ஓதியிருக்கான். 'படம் போட்டா குட்டு வெளிப்பட்டிரும்னு மறைச்சிட்டு, லைட் அடிச்சுன்னு கதை விடுதியா'ன்னு கேக்கான். ஒங்க முதலாளி கொண்டு தந்த கறுப்பு நெகட்டிவ அப்படியே அனுப்பினேன். 'இத எந்தக் கடையில வாங்கினே'ன்னு கேட்டுட்டு போன வச்சான். பொறவு பேச்சில்ல."

சூசை என்கிற அந்தத் தம்பி கல்ஃபிலிருந்து திரும்பி வந்து, அண்ணன் வீட்டுக்கு நாலாவது வீட்டிலேயே குடியிருந்துகொண்டு, பக்கத்தில் ஐஸ் கடை போட்டிருப்பதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அண்ணன் வள்ளத்துக்கு வேறு கடை ஐஸ். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட நான் ஏறுவதில்லை.

மெஷினை எடைக்குப் போட்ட அன்று பரணில் கிடந்த பழைய கறுப்புப் பையை ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் துணி எதுவாக இருந்தாலும் அது மிக்சிக்கு உறை. கத்திரியை வைத்துத் தையலைப் பிரித்தாள். டங்கென்று ஒன்று தரையில் விழுந்து உருண்டு என் காலருகே வந்து நின்றது. கழுத்தில் கறுப்பு நூல்.

பை இரட்டைத் துணி. உள்துணி ஓரத்தில் கிழிந்திருக்கிறது. ரோல் இரண்டு துணிக்கும் நடுவில் இருபது வருஷம் படுத்துக் கிடந்திருக்கிறது.

"என்னங்க, பாம்பக் கண்ட மாதிரி நிக்கீங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் நான் சொன்ன உண்மைகளில் அதுதான் நீளமானது. கேட்டுவிட்டு, "கழுவுங்க. வேலைய முடிச்சிட்டுல்லா ரிட்டயர்டு ஆவணும்" என்றாள்.

"அதில தம்பிக்கு எடம் விடல்லன்னு தெரிஞ்சா? மச்சினன் நிக்கான்னு தெரிஞ்சா?"

"அப்பவும் ஒங்க பொய் பொய்தானே?"

பெரிய நகரத்து லேப் ஒன்றுக்குப் போன் போட்டேன். விலையைச் சொன்னார்கள். ரோல் எத்தனை வருஷம் என்று கேட்டார்கள். சொன்னேன். பழசுக்குத் தனி ரேட், வருவதற்கு உத்தரவாதம் இல்லை, மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கூரியரில் இன்னொரு தரம் இந்த ரோல் தொலைந்தால் என்னைக் கடலில்தான் தேட வேண்டியிருக்கும். ஆகவே கெமிக்கலை நானே வரவழைத்தேன். கிடைக்கிற சிறிய பொட்டலமே ஒரு டஜன் ரோலுக்கு. திறந்துவிட்டால் சில வாரத்தில் செத்துப்போகும். என்னிடம் இருப்பதோ ஒரு ரோல். அது போக, கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று சோதனைக்கு ஒரு புது ரோல், டாங்க், தெர்மாமீட்டர். எல்லாம் சேர்ந்த காசுக்குத் தலையோடு ஒரு முழு நெய்மீன் வாங்கியிருக்கலாம், பெரிதாகவே. சோதனை ரோலில் ஸ்டெல்லாவை எடுத்தேன். நன்றாக வந்தாள். அவள் நம்பவில்லை.

அந்த நாள் வந்தது. பிரித்த பையை ஸ்டெல்லாவே இரட்டைத் தையல் போட்டுத் திருப்பித் தந்தாள். காலை பத்து மணி. இரண்டு கையையும் முழங்கைவரை பைக்குள் விட்டு, உருளையின் மூடியைக் கழற்றி, பிலிமை ரீலில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கை வேர்த்தால் பிலிம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டக்கூடாதே என்று நினைத்தேன், வேர்த்தது. வாசலில் மணி அடித்தது.

"என்னங்க, கேஸ்காரன் வந்திருக்கான். ஓடிபி கேக்கான்."

"போன் சட்டப் பாக்கெட்டுல கெடக்கு, எடு."

எடுத்தாள். "விரல வையுங்க, தொறக்கட்டும்."

"விரல் பைக்குள்ள இருக்குல்லா!"

"ஒத்த விரல வெளிய எடுத்தா என்ன?"

"எடுத்தா இருபது வருசம் போச்சு!"

சிலிண்டரை உருட்டிக்கொண்டு கேஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். வியர்வை ஒழுக, கறுப்புப் பைக்குள் கையை மாட்டிக்கொண்டு ஒரு மனிதன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "சாருக்கு ரெண்டு கையும் ஒடிஞ்சிட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். ஸ்டெல்லா "மனசுதான்" என்றாள். கடைசியில் போனின் ரகசிய எண்ணை நான் உரக்கச் சொல்ல, அவள் அழுத்தினாள். கேஸ்காரரும் மனப்பாடம் செய்திருப்பார். பிலிம் ஏறிவிட்டது.

பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி டெவலப்பரைச் சூடாக்கினேன். முப்பத்தொன்பது. ஆறவிட்டேன். முப்பத்தேழு. ஒரு கோப்பை வெந்நீர். முப்பத்தேழே முக்கால். "சரி" என்றேன், வாய்விட்டு. ஊற்றி, டாங்கைக் கவிழ்த்து, நிமிர்த்தி, கவிழ்த்து, நிமிர்த்தி, மூன்றே கால் நிமிஷம். மெஷினில் போடுகிறபோது இந்த மூன்றே கால் நிமிஷத்தில் நான் பீடி குடித்திருக்கிறேன். இப்போது மூச்சே விடவில்லை. பிறகு ப்ளீச், பிறகு ஃபிக்சர், பிறகு தண்ணீர். மூடியைத் திறந்து ரீலை வெளியே எடுக்க எனக்கு ஃபிக்சரைவிட அதிக நேரம் ஆனது.

படம் இருந்தது. பிலிம் முழுக்க இருபது வருஷப் புழுக்கம் மங்கலாய் ஏறியிருந்தது. ஆனால் இருந்தது. நெகட்டிவைப் போனில் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். அம்மாவின் முகம், கையில் ஜெபமாலை. பிறகு பெட்டியைச் சுற்றிக் குடும்பம். தலைமாட்டைப் பார்த்தேன்.

அங்கே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

எவனோ போன்ல ஓதியது உண்மை. மச்சினன்தான். நெகட்டிவை அப்படியே ஃபிக்சருக்குள் திருப்பிப் போட்டு ஒரு வாரம் ஊறவைத்து அழித்துவிட்டால் என்ன என்று யோசித்தேன், அதையும் மறைக்கவில்லை. "அடுத்தது பாருங்க" என்றாள் ஸ்டெல்லா.

அடுத்ததைப் பார்த்தேன். உடனே எழுந்து சட்டை போட்டேன். போட்டோ போட நான் வேலை பார்த்த கடைக்கே போனேன். அங்கே இப்போது பிளெக்ஸும் காபி மக்கும்தான். இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு, "மக்ல போடணுமா அண்ணே?" என்றான் அங்கே இருக்கிற பையன். "பேப்பர்ல போடு மக்கா" என்றேன்.

குளச்சல் பஸ்ஸில் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். ஐஸ் கடைக்கு முன் இறங்கும்போது மறந்துவிட்டது. சூசை பெரிய உடம்பு. மரச்சுத்தியலால் ஐஸ்பாளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுத்தியல் மட்டும்தான் தெரிந்தது.

"எத்தன பாளம் வேணும்?"

"ஐஸ் வேண்டாம் அண்ணாச்சி. நான் கோட்டாறு லேப்ல பிலிம் கழுவினவன். ஒங்க அம்மைக்க அடக்க ரோல்… அது லைட் அடிக்கல்ல. நான் தொலைச்சேன். பயந்து பொய் சொன்னேன். அண்ணன் அனுப்பின கறுப்பு நெகட்டிவ் நான் வெயில்ல காட்டிச் செஞ்சது. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க முதலாளிக்கும் தெரியாது. இப்பதான் கெடச்சுது. கழுவிக் கொண்டு வந்திருக்கேன்."

சுத்தியல் நின்றது. "இருபது வருசம் கழிஞ்சி வந்திருக்கீரு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு முதல் படத்தை வாங்கினார். அம்மாவைப் பார்க்கவில்லை. நேரே தலைமாட்டைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

"பாத்தீரா? மைனிக்க தம்பி, அண்ணனுக்க மச்சினன். எனக்க எடத்தில. நான் சொன்னது பொய்யா?"

"இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி. அடுத்தாப்ல எடுத்தது." படத்தை நீட்டினேன். பிடித்து வாங்கினார்.

அதில் தலைமாடு காலியாக இருந்தது. மச்சினன் பாதி உடம்பு படத்துக்கு வெளியே தள்ளாடிக்கொண்டிருந்தான். அவன் நின்ற இடத்தில் யாரையும் வரவிடாமல், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை குறுக்கே நீண்டு நின்றது. ஆள் முகம் கூட்டத்தில் மறைந்திருந்தது. கை மட்டும்தான்.

"இது யாருக்க கை?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மணிக்கட்டில் தங்க நிறத்தில் பெரிய வாச்சு.

"அண்ணனுக்கு நான் கொடுத்து விட்ட வாச்சு" என்றார். பாளத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் அம்மாவைப் பார்த்தார். உடனே திரும்பிக்கொண்டார்.

"அண்ணனுக்குக் காட்டினீரா?"

"இல்ல. மொதல்ல ஒங்ககிட்ட…"

ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்கள் மாறிப் போயின. நான் சொல்லவில்லை. "நாலாவது வீடு. நீரு முன்னால போவும். அடி விழுந்தா மொதல்ல ஒமக்கு விழட்டும்."

போனேன். நாலு வீட்டுத் தூரம் நாகர்கோவிலிலிருந்து வந்த தூரத்தைவிட நீளமாக இருந்தது. வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. தங்கையா சார் இந்த வாசலில்தான் நின்றிருப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன்.

"ஆரது?" என்று உள்ளே இருந்து அந்தோணியின் குரல்.

யார் என்று சொல்வது? லேப்காரன் என்றா, தொலைத்தவன் என்றா?

"நான்தான் அண்ணே" என்றார் எனக்குப் பின்னாலிருந்து சூசை.